விரிப்பும் ஆணியும்

யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரிப் பழைய மாணவர் சங்க மலருக்கு வடக்கின் பெருஞ்சமர் பற்றி எழுதும்படி கேட்டவர் எனக்கு மூன்று வகுப்பு மூத்த அண்ணன். அவர் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. 1990இல் கடல் கடந்து வந்து, பழனிக்குப் பக்கத்தில் இந்தக் கீரனூரில் குடியிருந்தாலும், மார்ச் பிறந்தால் என் காது யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்பக்கம் போய்விடுகிறது.

எங்கள் கல்லூரியும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் மார்ச்சில் மோதும் இந்தத் துடுப்பாட்டப் போட்டி 1904இல் தொடங்கிய கதை சங்க அங்கத்தவர்களுக்குத் தெரியாததல்ல. கொழும்பில் றோயலும் சென் தோமஸும் 1879இலேயே தொடங்கிவிட்டார்கள். சம்பத்திரிசியாரும் யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதும் பொன் அணிகளின் போர் 1917இல் வந்தது. அதனதன் பெருமை அதனதற்கு.

பெருஞ்சமர் நடப்பது மத்திய கல்லூரி மைதானத்தில், அக்கல்லூரியாருக்கு அது வீட்டு முற்றம். எந்த முனையில் காற்று திரும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அதனால் அவர்கள் கையில் ஒரு துணிவு இருந்தது, தூக்கி அடித்தார்கள். பரியோவான் வழி வேறு. பின்காலில் போய், பந்தைக் கண்ணுக்குக் கீழே வரவிட்டு, மெல்ல இறக்கிவிடுவோம். எங்களை மந்தமென்றார்கள். நான் அதைப் பொறுமை என்பேன், இன்றும்.

அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது? எங்கள் துடுப்பாட்ட மாஸ்ரரின் சுத்தியலிலிருந்து. விடியற்காலையில், ஆடுகளத்தின் மேல் போடும் கயிற்று விரிப்பை உருட்டிக்கொண்டு வருவோம். மூலைக்கு இருவராக இழுக்க, அவர் வேட்டியை மடித்து முழங்காலில் இருந்து ஆணி அறைவார். ஒவ்வொரு ஆணிக்குப் பிறகும் உள்ளங்கையால் விரிப்பைத் தட்டிக் காது கொடுப்பார். மத்தளம் போல் ஒலித்தால் அடுத்த ஆணி. பொத்தென்றால், "பிடுங்கடா தம்பி, திரும்ப இழு." இறுகிய விரிப்பில் பந்து நெஞ்சுக்கு எழும்பும், தளர்ந்ததில் சுழற்பந்து கடித்துத் திரும்பும். ஆணி அடித்தவனுக்கு இது கைக்குத் தெரியும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆணி அடிக்கத் தெரியாதவனுக்கு அவர் துடுப்பே கொடுத்ததில்லை.

இன்றைய பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. களத்தடுப்பில் நாங்கள் அவர்களுக்குக் கிட்டவும் நிற்க முடியாது. யாரையும் மனதில் வைத்தும் எழுதவில்லை. ஆனாலும் மூன்று நாள் ஆட்டத்தில் மூன்றாவது பந்தையே தூக்கி அடிக்கிறார்களே, அதை எங்கே படித்தார்கள்? வெளியே போகும் பந்தை விட்டுவிடுவது கோழைத்தனமாகிவிட்டது. சமநிலையில் முடிந்தால் வெட்கமாம்! நாள் முழுக்க நின்று தோல்வியைத் தடுத்தவனைத் தோளில் தூக்கிவந்த காலம் எங்கே போனது? களத்தை யாரோ தயார் செய்து தர, ஆட்டக்காரன் பையோடு வந்து இறங்குகிறான். மண்ணைத் தொடாதவனுக்கு மண்ணின் குணம் எப்படித் தெரியும்? துடுப்பாட்டத்தோடு இது நிற்கவில்லை. பெரியவர் பேசும்போது குறுக்கிடுவதும், வரிசையில் நிற்க மறுப்பதும், கடிதத்தைப் பாதியில் விடுவதும் அந்த ஆணியைக் கைவிட்ட நாளில்தான் தொடங்கின என்று நான் மனதார நம்புகிறேன்.

சங்கத்து மூத்தவர்களிடம் ஒரே வேண்டுகோள். பயிற்சி வலைக்கு விரிப்பு போடும் நாளில் முதல் ஆணியை அணித்தலைவரே அடிக்கட்டும். எங்கள் கல்லூரிக்கு ஒன்று, மத்திய கல்லூரிக்கு ஒன்று என்று இரண்டு சுத்தியலுக்கான காசை இந்த மலர்ச் சந்தாவோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.