கியூஜிஐஎஸ் மென்பொருளில் பல்கோணப் பரப்பளவு: ஒரு திறனாய்வு

கியூஜிஐஎஸ் என்பது நிலப்படம் வரையவும் ஆராயவும் உதவும் திறமூல மென்பொருள். ஏரி, வயல், ஊர் எல்லை போன்றவற்றைப் பல்கோணங்களாக வரைந்து பரப்பளவு காண்பது இதில் அன்றாடப் பணி. இதற்கு ‘ஏரியா’ என்ற பெயரிலேயே இரண்டு சார்புகள் உள்ளன. ஒன்றன் முன்னால் டாலர் குறி உண்டு, மற்றதற்கு இல்லை. ஒரே வயலுக்கு இவ்விரண்டும் வெவ்வேறு விடை தரக்கூடும் என்பதே இவ்வமைப்பின் பெருங்குறை.

டாலர் குறி இல்லாத சார்பு, பல்கோணத்தைத் தட்டையான தாளில் வரைந்த உருவமாகவே கொள்கிறது. முனைகளின் ஆயத்தொலைவுகளைக் குறுக்காகப் பெருக்கிக் கழித்துப் பரப்பு காணப் பத்தாம் வகுப்பில் கற்பிக்கிறார்களே, அதே முறைதான். கணக்கில் பிழையில்லை. அந்த ஆயத்தொலைவுகள் எந்தக் கோட்டுச்சட்டத்தில் அமைந்தவை என்பதை மட்டும் அது பார்ப்பதில்லை. இணைய நிலப்படங்களில் பெரிதும் பயன்படும் வெப் மெர்கேட்டர் (இபிஎஸ்ஜி 3857) நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகப் பரப்பைப் பெருக்கிக் காட்டும். ஆனால் அதன் அலகு மீட்டர் என்றிருப்பதால் மாணவர் ஐயப்படுவதில்லை. சென்னையில் உள்ள ஒரு ஹெக்டேர் நிலம் அதில் ஏறத்தாழ 10,600 சதுர மீட்டராகிறது. மிகை மட்டும் 15 சென்ட். இரண்டு கிரவுண்டுக்கு மேல்! ஹெல்சிங்கியில் அதே அளவு நிலம் ஏறத்தாழ 4 ஹெக்டேராகத் தெரியும்.

அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளாகவே (இபிஎஸ்ஜி 4326) தரவு இருந்தால், சென்னை நிலத்துக்கு 0.00000083 என்பது போன்ற விடை வரும். அது சதுர பாகை. நிலத்தை அளக்க உதவாது. எனினும் இப்பிழை பார்த்தவுடன் பிடிபட்டுவிடும். 6 சதவீதப் பிழை பிடிபடாது என்பதால் அதுவே ஆபத்தானது.

டாலர் குறியுள்ள சார்பு, திட்டத்தில் குறிக்கப்பட்ட நீள்கோளத்தின் மேற்பரப்பில் பரப்பளவைக் கணக்கிடுகிறது. வயல் அளவிலான பல்கோணங்களுக்குக் கோட்டுச்சட்டம் எதுவாயினும் விடை அநேகமாக மாறாது. ஆனால் நீள்கோளம் ‘இல்லை’ என்று அமைத்திருந்தால் இதுவும் தட்டைக் கணக்குக்கே திரும்பிவிடும். உதவிக் குறிப்பில் இவ்வேறுபாடு விளக்கப்பட்டுள்ளது உண்மைதான். அட்டவணையில் பதியும் எண்ணோடு அந்த விளக்கம் உடன் செல்வதில்லையே. கோப்பை வாங்குபவர் எண்ணை மட்டுமே காண்கிறார். இவ்வகையில் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளம் மேலானது: தட்டை வடிவத்துக்கும் புவிமேற்பரப்பு வடிவத்துக்கும் தனித்தனித் தரவு வகைகள் வைத்திருப்பதால், எந்தக் கணக்கு என்பது தரவிலேயே தெரிகிறது.

யூடிஎம் கோட்டுச்சட்டத்தில் தட்டைக் கணக்கே பெரும்பாலும் போதும். மைய தீர்க்கரேகையில் ஹெக்டேருக்கு 8 சதுர மீட்டர்தான் குறையும். ஆயினும் 78 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகை தமிழ்நாட்டை 43, 44 என இரு மண்டலங்களாகப் பிரிப்பதால், மாநிலம் முழுவதற்கும் ஒரே மண்டலத்தைக் கொள்வது பொருந்தாது.

எல்லைக் கோட்டின் பிழை வேறு. 100 மீட்டர் பக்கமுள்ள சதுர வயலை நான்கு புறமும் 1 மீட்டர் தள்ளி வரைந்தால் பரப்பு 10,404 சதுர மீட்டர். எந்தச் சார்பும் இதைத் திருத்தாது; அதற்குப் பின்னும் மென்பொருள் தசமப் புள்ளிக்கு வலப்புறம் வரிசையாக இலக்கங்களைக் காட்டிக்கொண்டிருக்கும்.