உருளையா, துகளா?

ஆழ்துளையிலிருந்து பாறை மாதிரி எடுக்க இரண்டு வழிகள் உண்டு. வளைய வடிவ வைர முனையால் சுற்றி அறுத்து, நடுவில் நிற்கும் உருளையை முழுதாகத் தூக்குவது ஒன்று; அதைத்தான் ‘கோர்’ என்கிறார்கள். பாறையை நொறுக்கி, சேற்றுக்குழம்போடு மேலே வரும் துகளைச் சலித்தெடுப்பது மற்றொன்று. கோர்தான் உயர்ந்தது என்பது பொதுக்கருத்து. அதை அப்படியே ஏற்க முடியவில்லை.

கோரின் வலிமைக்குச் சோவியத் நாட்டின் கோலா துளையே சாட்சி. 1970இல் தொடங்கிய அது 1989இல் 12,262 மீட்டரை எட்டியது. ஏறத்தாழ 7 கிலோமீட்டரில் கிரானைட் முடிந்து பசால்ட் தொடங்கும் என்று நில அதிர்வலைகளை வைத்துக் கணித்திருந்தார்கள். மேலே வந்த உருளைகளில் பசால்ட் இல்லை. வெடிப்புகள் மலிந்த உருமாற்றப் பாறையே இருந்தது. பொடியான துகளில் அந்த வெடிப்புகளைப் பார்த்திருக்கவே முடியாது.

ஆனால் துளைத்த நீளத்தில் பாதிகூடக் கோராகக் கைக்கு வரவில்லை. தொலைந்தது எது என்பதே முக்கியம். உறுதியான பாறை உருளையாக நிற்கும். நொறுங்கிய பிளவுப் பகுதி உதிர்ந்து குழம்போடு போய்விடும். அதனால் கோர்ப்பெட்டி பூமியை உள்ளதைவிடத் திடமாகக் காட்டுகிறது. எத்தனை விழுக்காடு மீண்டது என்ற கணக்கில் இந்தச் சாய்வு தெரியாது.

துகளில் இடைவெளி விழாது. பலவீனமான பாறையும் வந்து சேரும். ஆனால் பல கிலோமீட்டர் ஏறிவர அதற்கு நேரமாகும், வழியில் துளைச்சுவரின் உதிரியும் கலக்கும். எந்த ஆழத்துத் துகள் என்பதைக் குழம்பின் வேகத்தைக் கொண்டு கணிக்கத்தான் வேண்டும். பாறையின் அடுக்கும் சாய்வும் அதில் அழிந்தே போகின்றன.

ஜெர்மனியின் கேடிபி ஆழ்துளைத் திட்டம் இந்தச் சிக்கலைத் தெளிவாகச் சிந்தித்தது. பவேரியாவில் 1987 முதல் 1989 வரை 4,000 மீட்டர் முன்னோட்டத் துளையைப் பெரும்பாலும் கோராகவே எடுத்தார்கள். அருகிலேயே 1990இல் தொடங்கி 1994இல் 9,101 மீட்டரில் நின்ற முதன்மைத் துளையில் பெரும்பாலும் துகளை நம்பினார்கள். ஒன்றின் உருளை மற்றதன் துகளுக்கு உரைகல். இந்த வரிசைமுறை கோலாவின் முறையைவிட மேலானது என்பதே என் தீர்ப்பு.

குறை ஒன்று உண்டு, சிறியதல்ல. 4,000 மீட்டருக்குக் கீழே அந்த உரைகல் இல்லை. குறுகிய கோர்கள் சிலவே எடுக்கப்பட்டன. அங்கே கோர் எடுப்பது செலவும் தாமதமும் மிகுந்த வேலைதான். ஆனாலும் இறுதி ஆழத்தில் சில நூறு மீட்டரை விட்டுக்கொடுத்தாவது, பாறை மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஓர் உருளை எடுத்திருக்க வேண்டும்.