பாக்குக் கிடங்கில் கழிந்த நாட்கள்

புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படி சேதிக் குறிப்பை எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சைத் தேடிப் போகிறார்கள். இல்லாவிட்டால், 1748இல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்ட நேரத்தில் வேதபுரீசுவரர் கோயில் இடிபட்ட பக்கங்களைப் புரட்டுகிறார்கள். நான் போவது பாக்குக் கிடங்குக்கு.

துரை வீட்டுக்குப் போய்விட்டு வரும் பிள்ளை அங்கேதான் வந்து உட்காருவார். ஒருவர் வருவார், ஒரு சேதி சொல்வார், போவார். அடுத்தவர் வருவார். கப்பல் வந்ததும், கடன் நின்றதும், நவாபு வீட்டுக் கலகமும், மதாம் துய்ப்ளேக்சு சொல்லி அனுப்பியதும் ஒரே மூச்சில் ஏட்டில் ஏறும். இன்ன நாழிகைக்கு இன்னார் வந்தார், இப்படிச் சொன்னார், அதற்கு நான் இப்படிச் சொன்னேன் என்று பேச்சைப் பேச்சாகவே வைத்திருக்கிறார். கேட்ட வதந்தியை வதந்தி என்றே எழுதுகிறார். சரக்கு வாங்கி விற்றவருக்கு அந்தக் காது இல்லாமல் முடியாது. பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷி பதவி அவருக்குப் பிற்பாடு வந்தது. 1736 செப்டம்பர் 6, நள வருஷம் ஆவணி 25இல் எழுதத் தொடங்கியபோதே அந்தக் காது இருந்தது.

உடும்பஞ்சோலையில் ஏலக்காய் ஸ்டோர் வாசலில் வளர்ந்தவனுக்கு அந்தக் கிடங்கு பழகின இடம். பச்சைக்காய் மூட்டையை இறக்கி எடை போடுவதற்குள் போடி விலை, விற்பனைக்கு வந்த தோட்டம், மெட்டு ரோட்டில் மண் சரிந்தது எல்லாம் வந்து சேரும். தாத்தா சிட்டையில் எடையை எழுதிவிட்டு, ஓரத்தில் மழையையும் எழுதுவார். சாவு சேதியையும் எழுதுவார். பிள்ளையை முதன்முதலில் படித்தபோது தாத்தா குரல்தான் கேட்டது.

போடியில் இருக்கும் என் நண்பர் பிள்ளையை நான் இப்படித் தூக்கிப் பிடிப்பதை ஒப்புவதில்லை. பழைய காலத்துக் குரல் வேண்டுமா, உ.வே.சா. கடிதக் கருவூலத்தைப் படி என்பார். 1877இலிருந்து 1900 வரை உ.வே.சாமிநாதையருக்கு வந்த கடிதங்கள், ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்தது. அருமையான புத்தகம், நானும் இரண்டு முறை படித்தேன். ஆனாலும் கடிதம் எழுதுகிறவர் எதிரே ஒருவரை உட்காரவைத்துக்கொண்டுதான் எழுதுகிறார். அந்த ஒருவர் ஐயரவர்கள் என்றால் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு எழுதுவார். கிடங்கில் யாரும் அப்படிச் சரிசெய்துகொள்வதில்லை.

பிள்ளையின் குறிப்பு ஆங்கிலத்தில் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது. பெரிய உழைப்பு, நன்றியோடுதான் சொல்கிறேன்: அதில் பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையில் நிற்கிறார். முற்றுப்புள்ளி காணாமல் ஓடும் அவருடைய வாக்கியத்தில் முசேயும் மதாமும் கும்பினியும் நாழிகையும் முட்டி மோதுகிற சத்தம் தமிழில்தான் இருக்கிறது. இப்போது வருகிற சுருக்கப் பதிப்புகளோ முக்கியச் சம்பவங்களை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு, கிடங்கில் கழிந்த வெறும் நாட்களைத் தள்ளிவிடுகின்றன. அந்த வெறும் நாட்கள் இல்லாமல் முற்றுகை எப்படிப் புரியும்?

1846இல் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர் கலுவா மொம்பிரேன் பிள்ளையின் குடும்பத்தாரிடம் ஏடுகளைக் கண்டு படியெடுக்காதிருந்தால் இவ்வளவும் நமக்குக் கிடைத்திருக்காது. எண்பத்தைந்து வருஷம் ஒரு வீடு அதைக் கரையானுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தது. எங்கள் வீட்டால் நாற்பது வருஷம் முடியவில்லை. ஸ்டோர்க் கூரை மாற்றும்போது பரணிலிருந்த சிட்டைகள் பழைய பேப்பர்க்காரரிடம் போய்விட்டன. நான் அப்போது ஊரில் இல்லை. தப்பித்தது ஒன்றுதான், அட்டை போய், ஈரத்தில் பாதி ஒட்டிப்போனது. இன்றைக்கு ஸ்டோரில் மின்தராசு சீட்டைத் துப்புகிறது; விலை வாட்சப்பில் வருகிறது, மறுநாள் அழிகிறது. மழையை யாரும் எழுதுவதில்லை.

பிள்ளையின் குறிப்பு 1761 ஜனவரி 12ஓடு நிற்கிறது. புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைய நாலைந்து நாள்தான் இருந்தது. அதே மாதம் அவரும் போனார். ஊர் விழுந்தும் வீட்டில் எழுதும் பழக்கம் விழவில்லை. தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை எழுதினார். பிறகு 1794 முதல் 1796 வரை முத்து விஜயத் திருவேங்கடம் பிள்ளை எழுதினார். அவர்கள் எழுத்தில் பெரியவரின் வீச்சு இல்லை. அதிகாரம் போன வீட்டுக்குச் சேதி கொண்டுவருகிறவர்களும் குறைந்திருப்பார்கள். அந்தப் பக்கங்களையும் நான் விடாமல் படிக்கிறேன், சாரல் அடிக்கும் ஆடி ராத்திரிகளில், ஸ்டோரில் காய் உலர்ந்துகொண்டிருக்கும்போது. பக்கத்தில் தாத்தாவின் அந்த ஒரு சிட்டை இருக்கும்.