அளப்பவரும் அளக்கப்படுபவரும்

மலையகத் தொழிலாளரை அளந்தவர் பலர். கொழுந்தை நிறுத்தார்கள், இரத்தத்தைச் சோதித்தார்கள், குழந்தையின் உயரத்தைக் குறித்தார்கள். எதை அளக்க வேண்டும் என்று அவர்களையே கேட்டவர் எத்தனை பேர்?

1916இல் ராக்பெல்லர் நிறுவனம் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. மருந்து புழுவை வெளியேற்றியது. ஆயினும், மலசலகூடமற்ற லயங்களைச் சுற்றி வெறுங்காலுடன் நடந்தோரை நோய் மீண்டும் பற்றியது. கூடம் கட்டும் செலவு துரைமாருக்கு உவப்பாயில்லை.

இத்தவற்றைத் திருத்த எழுந்ததே மக்கள் பங்கேற்பு ஆய்வு. கேள்வியை வகுப்பதிலும், விடைக்குப் பொருள் காண்பதிலும், முடிவைச் செயலாக்குவதிலும் மக்கள் பங்காளிகளாதல் அதன் சாரம். சுகாதாரப் பணியைத் திட்டமிடுவதில் பங்குகொள்வது மக்களின் உரிமையும் கடமையும் என்று 1978இன் அல்மா-ஆட்டா பிரகடனமும் கூறிற்று. கொள்கையில் குற்றமில்லை. நடைமுறையைத்தான் நாம் உரைத்துப் பார்க்க வேண்டும்.

பசறையிலோ அப்புத்தளையிலோ பகலில் கூட்டம் கூட்டினால், அரைப்பேராகிவிடுமே என்றஞ்சும் பெண் எவ்வாறு வருவாள்? கணக்கப்பிள்ளை முன்வரிசையில் அமர்ந்திருக்க, கூரை ஒழுகுவதை எவர் வாய்திறந்து சொல்வார்? பதிவேட்டில் கையொப்பமிடுவது பங்கேற்பாகாது.

2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற வளர்ச்சியற்றோர். நாட்டின் சராசரி 17. இவ்வெண்கள் அவசியமானவை. ஆனால், மாதக்கடைசியில் அடுப்பில் என்ன வேகிறது என்பதைத் தாயே அறிவாள். அவளை ஆய்வாளராகக் கொள்ளாத ஆய்வு பாதி ஆய்வே.

அறிவு மட்டும் போதுமா? கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு அபாயமுண்டென 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்தது. 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்து லயங்களை மூடிற்று. ஆய்வு பொய்க்கவில்லை, அந்த அறிவு உரிய காலத்தில் பாதுகாப்பான வீடாக மாறவில்லை. செயலாக்கும் அதிகாரத்தில் பங்கில்லாதபோது பங்கேற்பு வெறும் சடங்கே.

பதுளைத் தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பாடசாலை ஆசிரியராயிருந்த தெளிவத்தை ஜோசப், லயத்து அறையின் நெருக்கடியை 'மீன்கள்' சிறுகதையில் உள்ளிருந்து கண்டு எழுதினார். சுகாதார ஆய்வுக்கும் அந்தப் பார்வையே வேண்டும்.

எனவே, ஆய்வுக்கு வருவோரிடம் ஆசிரியரும் மாணவரும் சில கேள்விகளையேனும் எழுப்புவோமாக: இழந்த நாட்கூலியைக் கொடுப்பீர்களா? அச்சேறுமுன் முடிவுகளை லயத்தில் தமிழில் வாசித்துக் காட்டுவீர்களா? அவர்கள் தவறென்று சொன்னால் திருத்துவீர்களா? நிர்வாகத்தின் முன் அவர்களோடு நிற்பீர்களா?