இடிபடும் சந்துகளின் படக்காரர்கள்

பெய்ஜிங்கின் ஹூடோங் சந்துகளுக்குச் சுவர்தான் முகம். சாம்பல் நிறச் செங்கல், நடுவே ஒரு கதவு, அதற்குப் பின்னால் நாலு பக்கமும் அறைகள் சூழ்ந்த முற்றம். புகைப்படக்காரர் ஷூ யோங் 1990-இல் வெளியிட்ட ‘ஹூடோங் 101 படங்கள்’ தொகுப்பு இவற்றைக் கறுப்பு வெள்ளையில் காட்டியது. பெரும்பாலும் ஆளில்லாத படங்கள். அதனால்தான் தேய்ந்த வாசற்படியும் காரை உதிர்ந்த சுவரும் முன்னுக்கு வந்து நிற்கின்றன.

கிரெக் ஜிரார்ட் ஷாங்காயில் பிடித்த வழி வேறு. அங்கேயே பல ஆண்டுகள் குடியிருந்த இந்தக் கனடாக்காரர், இருட்டிய பிறகு கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, கிடைத்த வெளிச்சத்தை நிதானமாக உள்ளே வாங்கினார். காலி மனையில் தனியாக மிஞ்சிய பழைய வீடு. அதன் முதுகுக்குப் பின்னால் அடுக்குமாடிகள். டியூப்லைட்டின் பச்சையும் தெருவிளக்கின் மஞ்சளும் ஒரே சுவரில் மோதுகின்றன. 2007-இல் வந்த ‘ஃபேன்டம் ஷாங்காய்’ நூலின் ருசியே அந்த நிற மோதல்தான்.

சீனக் கலைஞர் ஜாங் தாலியோ வெறும் பார்வையாளராக நிற்கவில்லை.

1990-களில், பெய்ஜிங்கில் இடிபடவிருந்த சுவர்களில் தன் தலையைப் பக்கவாட்டில் ஸ்பிரே பெயின்ட்டால் வரைந்தார். சில இடங்களில் அதே வடிவில் சுவரையே குடைந்தார். 1998-இல் எடுத்த படமொன்றில், அந்த ஓட்டை வழியே பழைய அரண்மனையின் கூரை தெரிகிறது. பாதுகாக்கப்படும் கூரையும் கைவிடப்பட்ட சுவரும் ஒரே ஃபிரேமில்!