சொற்றேடலும் அடியார் வரலாறும்

தாமிரபரணி கடலொடு கலக்குமிடத்தமைந்த புன்னைக்காயலில், அண்டிரிக் அடிகளாரின் ‘அடியார் வரலாறு’ 1586இல் அச்சேறியது. இத்தகைய பழம்பதிப்புகளைக் கணினியிலேற்றிச் சொற்றேடும் முறை இன்று பெருவழக்காயிற்று. தேடிய சொல் கிட்டாதவிடத்து, ‘இந்நூலில் இச்சொல் இல்லை’ எனத் துணிதல் தகுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

‘சி’ மொழியின் ‘ஸ்ட்ர்ஸ்ட்ர்’ என்னும் செயற்கூறு, ஒரு தொடரினுள் மற்றொரு தொடர் முதன்முதல் வருமிடத்தைச் சுட்டும். வாராதாயின் வெற்றுச்சுட்டைத் தரும். அஃது எழுத்தையோ சொல்லையோ அறியாது; பைட்டுகளின் வரிசையொன்றையே அறியும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியொவ்வொன்றும் 3 பைட்டு பெறும். ஆகவே ‘புன்னை’ என்பது 6 குறியும் 18 பைட்டும் ஆம்.

பதினாறாம் நூற்றாண்டு அச்சு, ஓலை வழக்கைப் பின்பற்றிப் புள்ளியிடாது விடும். அந்நெறியில் ஊர்ப்பெயர் ‘புனனைககாயல’ என நிற்கும். அதனுள் ‘புன்னை’யைத் தேடின், 10 பைட்டு பொருந்தி 11ஆவது மாறுபடும், விடை ‘இல்லை’ என்பதே. இன்றைய எழுத்து முறையிலும் இடர் உண்டு. ‘காயலில்’ என்பதனுள் ‘காயல்’ அகப்படாது. புணர்ச்சியிற் புள்ளி மறைந்தமையே காரணம்.

பெயர்த்தெழுதுவோரே புள்ளியிட்டுத் தருவாராயின் இக்குறை நீங்குமன்றோ எனின், நீங்கும்; ஆயின் அப்போது தேடப்படுவது 1586ஆம் ஆண்டு அச்சன்று, பெயர்த்தெழுதியவரின் துணிபேயாம். ‘மெய’ என நின்றதனை ‘மெய்’ என்பதா ‘மேய’ என்பதா என அவர் முன்னரே தீர்த்துவிட்டார். எகர ஏகாரக் கொம்புகளை வேறுபடுத்தாத காலத்து அச்சு அதனைத் தீர்த்திலது.

ஆதலின், அச்சிலுள்ளவாறே ஒரு படியும், திருத்திய படியொன்றும் தனித்தனி இருத்தல் வேண்டும். தேடற்பொருட்டு மூன்றாம் படியொன்றில் புள்ளியையும் இடைவெளியையும் நீக்கி, நெட்டுயிர்க் கொம்பைக் குற்றுயிர்க் கொம்பாக்குக. தேடுசொல்லையும் அவ்வாறே செய்க. கிட்டிய இடம் முதற்படியின் எவ்வரியது என்பதற்கும் குறிப்பு வேண்டும். இம்முறையில் வேண்டாதனவும் பல வந்து சேரும். அவற்றைப் படித்துக் கழித்தல் ஆய்வாளன் கடன். விடுபட்டதனையோ படித்தும் மீட்டல் இயலாது.

வெற்றுச்சுட்டு உரைப்பது, ‘இப்படியில் இவ்வரிசை இல்லை’ என்னும் அத்துணையே. அதனை நூலின்மேல் ஏற்றிச் சொல்வரலாறு எழுதுதல், நூலாசிரியர்க்கும் மொழிக்கும் இழைக்கும் பிழையாம்.