நிழலை அளந்த கைகள்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ரயிலேறிச் சென்னைப் பொது மருத்துவமனையை நாடிய எளிய ஜனங்களுக்கும் எட்டும்படி, 1950-இல் டாக்டர் பி. ராமமூர்த்தி அங்கே நரம்பு அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். அவரும் வி. பாலசுப்பிரமணியமும் டி. எஸ். கனகாவும் 1960-களில் கையாண்ட ஸ்டீரியோடாக்டிக் முறையை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு மேலிடுகிறது.

மூளையை நேரே காட்டும் ஸ்கேன் தோன்றாத அந்நாளில், மண்டையோட்டில் உலோகச் சட்டத்தை இறுகப் பொருத்தி, மூளையின் உள்ளறைகளில் காற்றையோ சாயத்தையோ செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, அவ்வறைகளின் நிழலையே ஆதாரமாகக் கொண்டு, நீளம், அகலம், ஆழம் என்ற மூன்று அளவுகளால் மூளையின் ஆழத்திலுள்ள தாலமஸ் என்ற பகுதியின் ஸ்தானத்தைக் கணித்து, சிறு துளை வழியே மெல்லிய மின்முனையை அங்கே நிறுத்திக் கைநடுக்கத்தை அடக்குவதற்கு எத்தனை நிதானம் வேண்டும்! மூளைத் திசுவுக்கு வலியுணர்ச்சி இல்லையாதலால் நோயாளி விழித்திருப்பார். தம் கரத்தின் நடுக்கம் அடங்குவதைத் தாமே காண்பார்.

1971-இல் லண்டனில் முதல் நோயாளியின் மூளை சி.டி. ஸ்கேனில் தெரிந்தது, பின்பு எம்.ஆர்.ஐ. வந்தது. இன்று திண்டிவனம் நெடுஞ்சாலையில் தலையில் அடிபட்டு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருபவரின் மண்டைக்குள் ரத்தம் எப்பக்கம் உறைந்திருக்கிறது என்பதைச் சி.டி. சில நிமிஷங்களில் காட்டிவிடுகிறது. ஆயினும் மண்டையைத் திறந்து மூளையைச் சூழ்ந்த திரவம் வடிந்ததும் மூளை சற்றே இடம்பெயருமாதலால், முன்பு எடுத்த படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை அந்தக் கணத்தில் மருத்துவரே நிர்ணயிக்க வேண்டியிருக்கிறது.